மழை வரலைங்க, மேடம்

1

சென்ற மாதத்தோடு நான் நெதர்லாந்துக்கு வந்து இருபது வருஷம் நிறைந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்த ஊர் வழக்கம் வேறு. யாருக்கு விசேஷமோ அவரே கேக் வாங்கி, அவரே வெட்டி, மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாழ்த்தையும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பெண்ணே பந்தி பரிமாறுகிற கதைதான். பரிமாறினேன்.

கேக் தின்றவர்கள் எல்லாரும் நினைவுபடுத்தியது ஒரே ஒரு சம்பவத்தை. நான் வந்த நாலாவது வருஷம், டச்சு மொழியில் முதன்முதலாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தேன். விவசாய ஆராய்ச்சி பற்றிய கூட்டம். "முதலில் நாம் ஒரு விவசாயியைப் பேச விட வேண்டும்" என்பது நான் சொல்ல நினைத்தது. டச்சிலும் நம்மைப் போலவே கடைசி வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பதற்றத்தில் அந்தப் 'பேச'வை விழுங்கிவிட்டேன். டச்சில் விவசாயிக்கு 'பூர்' என்று பெயர். ஏப்பத்துக்கும் அதே பெயர்தான். ஆக, பெரிய பெரிய பேராசிரியர்களைப் பார்த்து நான் சொன்னது இது: "முதலில் நாம் எல்லாரும் ஒரு ஏப்பம் விட வேண்டும்."

அறையே சிரித்தது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. விவசாயியின் பெயரைச் சொல்லி ஏப்பம் விடுகிற கூட்டங்கள் எங்கள் துறையில் உண்மையிலேயே நிறைய நடக்கின்றன என்பது பிற்பாடு புரிந்தபோது சிரித்தேன்.

என் பெயர் கோதை. பிறந்தது ஸ்ரீரங்கம். இங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மழையை முன்கூட்டிக் கணிக்கிற வேலை. இந்த ஊர் மழை ஒரு தினுசு. பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் இன்னும் ஏழு நிமிஷத்தில் உங்கள் தெருவில் தூறும் என்று செல்போன் சொல்லிவிடும். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்கள். கணிப்பு தப்பினால் கால்சட்டை நனையும். அவ்வளவுதான் நஷ்டம்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு பெண், மீரா. "மழை வரும், கோட்டை எடுத்துக்கோ" என்று நான் தமிழில் சொன்னால், அவள் போனைத் திருப்பிக் காட்டி, "வராது" என்று டச்சில் பதில் சொல்வாள். தாயார் மழை ஆராய்ச்சிக்காரி என்பது அவளிடம் எடுபடாது. பாதி நாள் போன்தான் ஜெயிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிலையத்துக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. ஆராய்ச்சி முடிவுகள் கட்டுரையாக அச்சாகி அலமாரியில் தூங்காமல், விவசாயியின் காதுக்கே போக வேண்டும். அதற்காகத் தினமும் ஒரு தடவை அவர் போனுக்கு ஒரு குரல் செய்தி. நாளைக்கு மழையா, மருந்து அடிக்கலாமா, அறுக்கலாமா என்கிற விவரம் அதில் இருக்கும். உலகத்தில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியலில் மண்ணச்சநல்லூர் என்று பார்த்ததும் எழுந்து நின்று "எங்க ஊர்!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் மனசாட்சி உறுத்தியது. மண்ணச்சநல்லூர் எங்கள் ஊர் இல்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் போனால் அரைமணி நேரம் கூட ஆகாது. பிறந்ததிலிருந்து நாங்கள் சாப்பிட்ட அரிசி மூட்டையில் அந்தப் பெயர்தான் அச்சடித்திருக்கும். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் நெல் என்பதோடு என் விவசாய ஞானம் முடிந்தது. துறையூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் தவிர அந்த வயல்களோடு எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. விவசாயிகளுக்காக எழுதிய கட்டுரைகள் மட்டும் ஏகப்பட்டது.

நிலையத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் குரல் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்த கையோடு நிர்வாகத்திலிருந்து ஒரு படிவமும் வந்தது. எந்த மொழியில் பதிவு செய்கிறோமோ அந்த மொழி தெரியும் என்பதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

"அது என் தாய்மொழி" என்று எழுதினேன்.

"மகிழ்ச்சி. சான்றிதழை இணைக்கவும்" என்று பதில் வந்தது.

இங்கேதான் என் பூர்வ பாவம் குறுக்கே வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் மார்க் நிறைய வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாரையும் போல நானும் சமஸ்கிருதம் எடுத்தவள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் இரண்டிலும் தமிழ் என்ற சொல்லே இல்லை. நான் தமிழச்சி என்பதற்கு ஒரு காகிதம்கூட உலகத்தில் இல்லை என்று நாற்பத்தாறாவது வயதில், ஒரு டச்சு குமாஸ்தா மூலமாகத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில், தமிழ் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இறங்கி வந்தார்கள். இந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஈழத்தமிழரிடம் போய் நின்றேன். படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்கள் கதைக்கிறது எனக்குப் பாதிதான் விளங்கும். எண்டாலும் போடுறன், தாங்கோ."

நிலையத்தில் சாமான்கள் அடுக்கியிருக்கும் சின்ன அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதிவு. மண்ணச்சநல்லூரில் மாலை ஆறு மணிக்குப் போன்கள் அடிக்கும். சின்ன வயசில் ரேடியோச் செய்தி கேட்டு வளர்ந்த தொண்டை என்னுடையது. கம்பீரமாகச் சொன்னேன்: "வணக்கம். அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் மிதமான மழைப்பொழிவுக்கான நிகழ்தகவு அறுபது விழுக்காடு. இவ்வறிவுரையால் நேரும் இழப்புகளுக்கு நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பாகாது."

கடைசி வாக்கியம் எங்கள் சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்தது.

3

யார் யார் எத்தனை விநாடி கேட்டார்கள் என்று கணினியில் பட்டியல் வரும். முதல் மாதம் முழுக்க, 'வணக்கம்' முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் போனை வைத்திருந்தார்கள்.

மண்ணச்சநல்லூரில் எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ராஜமாணிக்கம் சார். விவசாய ஆபீசராக இருந்து ஓய்வுபெற்று, திருச்சி கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தினமும் ஸ்கூட்டரில் வயல் பக்கம் கிளம்பிவிடுகிற மனிதர். என்ன குறை என்று அவரிடம் கேட்டேன்.

"குறையே இல்லைங்க மேடம். ரொம்ப அழகான தமிழ். எங்க வீட்டம்மா கேட்டுட்டு கச்சேரி மாதிரி இருக்குன்னாங்க. ஆனா பாருங்க, லோன் வேணுமான்னு கேக்குற போன்னு நெனச்சு எல்லாரும் கட் பண்ணிடறாங்க."

ஒரு நாள் ஊர்ப் பொது மண்டபத்தில் இருபது பேரை உட்கார வைத்து, என்னைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். முதலில் எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், நான் மலர்க்கொடி பேசறேங்க. ஆறு ஏக்கர் நெல்லு போடறோம். வீட்டுக்காரர் லாரில போயிடுவாரு, வயலை நான்தான் பாத்துக்கறேன். ஒரே ஒரு சந்தேகங்க. மழைக்கு அறுபது விழுக்காடுங்கிறீங்க. அறுபதுன்னா பாஸா, பெயிலா?"

பின்னால் சிரிப்புச் சத்தம். நான் விளக்கத் தொடங்கினேன். "அது அப்படி இல்லைம்மா. இந்த மாதிரி வானிலை பத்து தடவை வந்தா, ஆறு தடவை மழை பெய்யும்னு அர்த்தம்."

"சரிங்க. நாளைக்கு வர்றது எத்தனாவது தடவை?"

இருபது வருஷமாக எத்தனையோ மாநாட்டில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை மட்டும் அன்று வரைக்கும் யாரும் கேட்டதில்லை.

மலர்க்கொடி விடவில்லை. "ஆனா கடைசில ஒண்ணு சொல்றீங்களே, அது மட்டும் பளிச்சுனு புரியுதுங்க. என்ன ஆனாலும் நாங்க பொறுப்பில்லைன்னு. அதுக்காகவா தெனம் போன் பண்றீங்க?"

இந்தத் தடவை மண்டபமே சிரித்தது. ராஜமாணிக்கம் சாரும் சேர்ந்து சிரித்தார் என்பது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் செய்தியைத் திருத்தி எழுதி உரக்கப் படித்துப் பார்த்தேன். மீரா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யார்ம்மா அது பேசறா?" என்று டச்சில் கேட்டாள்.

"நான்தான்."

"இல்லை. நீ 'குடை எடுத்துண்டு போ'ன்னு சொல்லுவே. இது வேற யாரோ."

அவளுக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே குடை, சாப்பாடு, படிப்பு, தூக்கம் ஆகிய நாலு அதிகாரங்களுக்குள் அடங்கிவிடும். எல்லாமே ஏவல் வினை. யோசித்துப் பார்த்தால், விவசாயிக்குத் தேவையானதும் கிட்டத்தட்ட அதுதான். செய், செய்யாதே, நாளைக்குச் செய். 'நிகழ்தகவு' இல்லாமல் ஒரு மனுஷி பிள்ளையை வளர்க்க முடிகிறது என்றால் ஒரு மழையைச் சொல்ல முடியாதா?

ஆனால் அப்படியே வீட்டுப் பேச்சில் பதிவு செய்து அனுப்பியபோது ராஜமாணிக்கம் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், 'மழை வரும்போலத் தோண்றது'ன்னு சொன்னீங்க இல்லையா, அது சீரங்கத்து வீட்டுப் பேச்சுங்க. 'தோணுது'ன்னு வச்சுக்குங்களேன். இல்லேன்னா அய்யர் வீட்டு மாமி பட்சணம் விக்கறாங்கன்னு நெனப்பாங்க." நாங்கள் அய்யர் இல்லை, ஐயங்கார் என்று திருத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டேன். பட்சணத்தில் அந்த வித்தியாசம் தெரியாது.

ஆக, ரேடியோத் தமிழையும் வீட்டுத் தமிழையும் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவதாக ஒரு தமிழ் கற்றுக்கொண்டேன். "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மழை வரும்னு தோணுதுங்க. மருந்து அடிக்காதீங்க. அடிச்சா கழுவிக்கிட்டுப் போயிடும்." பட்டியலில் விநாடிகள் கூடின. மலர்க்கொடி முழுசாகக் கேட்டுவிட்டு, சில நாள் ராஜமாணிக்கம் சார் மூலமாக "மேடம் நல்லா பேசறாங்க, டீ குடிச்சாங்களான்னு கேளுங்க" என்று செய்தியும் அனுப்பினாள்.

4

சம்பா அறுப்பு சமயத்தில் நான் சறுக்கினேன்.

தை மாதம். வங்கக் கடலில் பருவம் தப்பி ஒரு காற்றழுத்தத் தாழ்வு. எங்கள் கணினிகள் எல்லாம் ஒரே குரலில், திருச்சிப் பக்கம் மூன்று நாள் நல்ல மழை என்றன. இவ்வளவு ஒற்றுமையாக அவை சொல்வது அபூர்வம். எனக்கு உற்சாகம். நானே எழுதி, நானே பேசினேன்: "மூணு நாள் அறுப்பு வேணாங்க. தள்ளிப் போடுங்க."

மறுநாள் ராஜமாணிக்கம் சாரிடமிருந்து ஒரு வரி வந்தது. "மழை வரலைங்க, மேடம்."

இரண்டாம் நாளும் அதே வரி. மூன்றாம் நாள் வரி இல்லை, ஒரு படம் மட்டும். ஒரு துளி மேகம் இல்லாத நீல வானம். அந்தத் தாழ்வு மனம் மாறித் தெற்கே போய்விட்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் வழக்கம்போல அறைக்குள் போய், வழக்கம்போல "வணக்கங்க, நாளைக்கு வறண்ட வானிலை" என்று பேசிவிட்டு வந்தேன். எங்கள் செய்தியில் நாளைக்கு மட்டும்தான் இடம் உண்டு. நேற்றைக்கு ஒதுக்கிய கட்டமே இல்லை.

அதற்கப்புறம் பட்டியலில் மலர்க்கொடியின் பெயருக்கு நேரே இரண்டு விநாடி, ஒரு விநாடி, பிறகு பூஜ்யம். போனை எடுப்பதே இல்லை. அவளோடு சேர்த்து அந்தத் தெருவே எடுப்பதில்லை.

5

மாசி மாதம் லீவில் ஊருக்குப் போனேன். ஸ்ரீரங்கத்தில் அண்ணா வீட்டில் இறங்கிய மறுநாளே மண்ணச்சநல்லூருக்குக் கிளம்பினேன். மன்னிக்கு ஆச்சரியம்.

"ஏண்டி கோதை, பெருமாளைக்கூட இன்னும் சேவிக்கலை. வயக்காட்டுல உனக்கு என்னடி வேலை?"

"ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், மன்னி."

"அதுக்கு வெறுங்கையோடயா போறது?" என்று நாலு அதிரசத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

ராஜமாணிக்கம் சார் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். நெல் காயும் களத்தில் மலர்க்கொடி நின்றிருந்தாள். குரலை வைத்து நான் ஒரு வாட்டசாட்டமான பெண்ணைக் கற்பனை செய்திருந்தேன். ஆள் ஒல்லி. நாற்பதைத் தாண்டியிருக்கும். புடவைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"இவங்கதாம்மா போன்ல பேசற மேடம்" என்றார் சார்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க" என்றாள். பிறகு, "சும்மா நிக்கறீங்களே, இந்தச் சாக்கு வாயைக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். அவள் முறத்தால் நெல்லை அள்ளிக் கொட்டினாள். தூசி மூக்கில் ஏறி நான் இரண்டு தடவை தும்மினேன். மூன்று சாக்கு நிறைந்தது. அப்புறம் நானே ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு மழை வரும்னு சொன்னது..."

"மிஷின் வந்து நின்னுச்சுங்க" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "அறுப்பு மிஷின். ஆத்தூர்லேர்ந்து வர்றது. எங்க முறை அன்னிக்கு. மேடம் சொல்லிட்டாங்க, வேணாம்னு அனுப்பிட்டேன். அவங்க லால்குடி பக்கம் போயிட்டாங்க. திரும்பி வர ஒம்போது நாளு. அதுக்குள்ள கதிரு முத்திப்போயி நெல்லு தானாக் கொட்டுது. எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு மழை வந்துச்சு பாருங்க, நீங்க லேசாத் தூறும்னு சொன்னீங்களாமே, அந்த மழை. பயிரு அப்படியே படுத்துடுச்சு. படுத்த பயிர்ல மிஷின் ஓடுமா? பாதிய ஆள வச்சு அறுத்தோம். மீதி அங்கதான் கெடந்து மொளைச்சுப் போச்சு."

மூன்று நாள் தள்ளிப் போடுங்கள் என்று நான் சொன்னபோது, அந்த மூன்று நாளும் மிஷின் வரப்பிலேயே காத்துக்கொண்டு நிற்கும் என்றுதான் என் மனசில் இருந்தது. கடல், காற்று, மேகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட எங்கள் கணினியில் அந்த ஒரு மிஷின் இல்லை.

"என்னை நம்பி இப்படி ஆயிடுச்சு. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

அப்போதுதான் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மழை வரலைங்கிறதுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க. வானத்த யாரு கைல புடிச்சு வச்சிருக்காங்க? ஆனா மறுநா அதே கொரலு, ஒண்ணுமே நடக்காத மாதிரி 'வணக்கங்க'ன்னுச்சு பாருங்க, அன்னிக்குத்தான் வயிறெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். ராத்திரி சண்டை போட்டுட்டு, காலைல எந்திரிச்சு எதுவுமே நடக்காத மாதிரி காப்பி எங்கம்பாரு. அவரையாவது திட்டலாம். உங்களத் திட்டறதுக்கு அந்த போன்ல எந்த பட்டனை அமுக்கறதுன்னே தெரியல."

"இப்பத் திட்டுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"நேர்ல பாத்தா வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவள் என் கையைப் பார்த்தாள். "அது என்ன பொட்டலம்?"

அதிரசத்தைக் கொடுத்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நீங்க செஞ்சதா?" என்றாள்.

"இல்லை, எங்க மன்னி."

"அதானே பாத்தேன்" என்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "ஒண்ணு செய்ங்க. தப்பாப் போனா, மறுநா தப்பாப் போச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் ஆரம்பிங்க. அப்பத்தான் நீங்க சொல்றதுல எதை எந்த அளவுக்கு நம்பறதுன்னு எங்களுக்கு ஒரு கணக்கு கெடைக்கும். அந்த அறுபது எழுபதெல்லாம் நாங்களே போட்டுக்குவோம்."

6

ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய வேகத்தில் அலுவலகத்துக்குப் போய், செய்தியின் தொடக்கத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றேன். நேற்று நாம் சொன்னது என்ன, நடந்தது என்ன. தவறியிருந்தால் தவறிவிட்டது என்று ஒப்புக்கொள்வது. அந்தப் 'பொறுப்பாகாது' வாக்கியத்தையும் எடுத்துவிட வேண்டும்.

எங்கள் தலைவர் ஹென்க். முகத்துக்கு நேரே உண்மை பேசுவது தங்கள் தேசிய குணம் என்று பெருமைப்படுகிறவர். என் தலைமுடி வெட்டு எனக்குப் பொருந்தவில்லை என்று லிப்டில் வைத்துச் சொன்னவர். அவரே தயங்கினார். "சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும்."

சட்டப் பிரிவு அம்மையார் ஒரு படிவம் அனுப்பினார். 'தவறை ஒப்புக்கொள்ளுதல்' என்ற தலைப்பு எங்கே வந்தாலும் அது நாலு குழுக்களுக்குப் போக வேண்டுமாம். முதல் குழு அடுத்து கூடுவது செப்டம்பரில். தவறு செய்வதற்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். அதற்கு அவர் மிகவும் நியாயமான குரலில், "தவறுக்குப் படிவம் கிடையாது" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிலில், சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு 'முன்னறிவிப்புச் சரிபார்ப்பு' என்று பெயர். எல்லாரும் செய்வதுதான். செய்து, கட்டுரைக்குள் பத்திரமாகப் பூட்டி வைப்போம். படிவத்தில் 'தவறு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'தினசரிச் சரிபார்ப்பு முடிவுகளைப் பயனாளர்களுடன் பகிர்தல்' என்று எழுதினேன். மறுநாளே அனுமதி வந்தது. கூடவே ஒரு பாராட்டுக் கடிதமும். பொறுப்புத் துறப்பு வாக்கியம், ஆள் சேரும்போது ஒரு தடவை சொன்னால் போதும் என்று முடிவானது.

அனுமதி கிடைத்த பிறகு ஒரு வேடிக்கை. என் கணிப்பு தவறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சொன்ன வெயில் அடித்தது, சொன்ன காற்று வீசியது. "நேத்து சொன்னபடியே நடந்துச்சுங்க" என்று தினமும் சொல்ல எனக்கே சலிப்பாக இருந்தது. ராஜமாணிக்கம் சாரிடம், "ஒரு தப்பாவது வந்தா தேவலை சார்" என்று புலம்பினேன். "நல்லதையே நெனைங்க மேடம்" என்றார்.

சித்திரையில், களத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்த சமயம், பிரார்த்தனை பலித்தது. இடி மழை வரும், உளுந்தை உள்ளே எடுத்து வையுங்கள் என்றேன். சுட்டெரிக்கிற வெயில் அடித்தது. மறுநாள் பதிவு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். தப்புக்காக ஏங்கியதும், அதைச் சொல்வதும் ஒன்றல்ல. மூன்று தடவை ஆரம்பித்து அழித்துவிட்டு, நாலாவது தடவை சொன்னேன்: "வணக்கங்க. நேத்து மழை வரும்னு சொன்னேன். வரலைங்க. உங்க உளுந்துக்கு ஒரு நாள் வெயிலை வீணாக்கிட்டேன். தப்பு என்னோடது. இப்ப நாளைக்கு என்னன்னு சொல்றேன்."

அன்று பட்டியலைப் பார்த்தால், கேட்ட எல்லாரும் கடைசி வரைக்கும் கேட்டிருந்தார்கள். சிலர் இரண்டாவது தடவை போட்டுக் கேட்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் சார் போன் பண்ணி, "டீக்கடைல ஸ்பீக்கர்ல போட்டாங்க மேடம். ஒரு பெரியவர், 'படிச்சவங்க தப்புன்னு சொல்லிக் கேட்டதில்லப்பா, இன்னொரு வாட்டி போடு'ன்னாரு" என்றார்.

ஒரு வாரத்தில், மலர்க்கொடியின் பெயருக்கு நேரே மறுபடியும் விநாடிகள் ஓடின. வீட்டில் மீராவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ எங்கிட்டயும் சொல்லு. நேத்து 'குடை எடுத்துண்டு போ'ன்னே. மழையே வரல்லை" என்றாள். முழு வாக்கியமும் தமிழில். அந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகவே மன்னிப்புக் கேட்டேன்.

7

இந்த வருஷம் தை மாதம் மறுபடி கடலில் ஒரு தாழ்வு உண்டானது.

காலை ஒன்பதரை மணிக்கு நான் அலுவலகத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அங்கே மதியம் இரண்டு மணி. மலர்க்கொடி. நேரில் பார்த்தபோது கொடுத்த என் எண்ணுக்கு அவள் அது வரைக்கும் கூப்பிட்டதே இல்லை.

"மேடம், மிஷின் நாளைக்குக் காலைல வருதுங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடணும். விட்டா மறுபடி எப்ப வருமோ. பயிரு இன்னும் ரெண்டு நாளு நின்னா நல்லாத்தான் இருக்கும். என்ன பண்றது?"

கணினியைத் திறந்தேன். இந்தத் தடவை கணிப்புகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஒன்று மூன்றாம் நாள் கனமழை என்றது. ஒன்று மழையே இல்லை என்றது. மற்றவை நடுவில் நின்றன.

"மலர்க்கொடி, அறுத்துக் காய வச்சு மூட்டை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அறுக்க அரை நாளு. ரெண்டு வெயிலு காஞ்சாப் போதும்."

"மூணாம் நாள் மத்தியானத்துக்கு மேல மழை வரலாம். வராமலும் போகலாம். நிச்சயமாத் தெரியலை."

"அது தெரியும்ங்க. உங்களுக்கு எத்தனை தடவை தப்பியிருக்கு, எத்தனை தடவை பலிச்சிருக்குன்னு இந்த வருஷம் பூரா நான் காலண்டர்ல கோடு போட்டு வச்சிருக்கேன். அத விடுங்க. இது உங்க ஆறு ஏக்கரா இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

பக்கத்து மேசையில் ஹென்க் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்கு நிலையத்தின் சார்பில் பதில் சொல்லக்கூடாது என்று எங்கள் விதிமுறையில் எழுதியிருக்கிறது. எனக்கு வயல் கிடையாது. வயலில் இறங்கியதும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் களம் வரைக்கும். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தப் படுத்துப்போன பயிர் தெரிந்தது.

"அறுப்பேன்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. செயற்கைக்கோள் படத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதிவுக்கு உட்கார வேண்டிய சமயம், திருச்சிக்கு மேலே திரையில் கனமழைக்கான சிவப்பு படர்ந்திருந்தது. மலர்க்கொடியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை எடுத்தாள். முதலில் அவள் குரலே கேட்கவில்லை. தகரத்தில் கல்லைக் கொட்டுகிறாற்போல ஒரே இரைச்சல்.

"மலர்க்கொடி! மழையா? நெல்லு என்ன ஆச்சு?"

"மூட்டை கட்டி உள்ள அடுக்கியாச்சுங்க. ஒரு நாலு மூட்டைதான் வெளிய நின்னுச்சு, இப்பத் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டிக்கிட்டிருக்கேன்."

"நான் சொன்னபடியே வந்துடுச்சு பாத்தீங்களா!" என்று சாமான் அறைக்குள் நின்றுகொண்டு நான் கத்தினேன்.

"வந்துச்சுங்க, வந்துச்சு. அத சாயங்காலம் போன்ல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். இப்ப வைங்க மேடம், கை ஈரமா இருக்கு."